வண்டிக்கா, ஆளுக்கா

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முதுகு எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நடுரோட்டில் வண்டி நின்றுபோனவர்களின் புலம்பலைக் கேட்டே உன் பிழைப்பு ஓடுகிறது. ஊரார் வண்டியையெல்லாம் ஓட வைக்கிறாய், உன் முதுகை மட்டும் ஒரு டாக்டரிடமும் காட்ட மாட்டேன் என்கிறாய். தைலமாவது வாங்கினாயா?

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் நீ என்னை எங்கே பேசவிட்டிருக்கிறாய்? அதனால்தான் கடிதம்.

அக்கா, வழியில் நின்றால் உதவிக்கு ஆள் வருமே, அந்த மாதிரி என் பைக்குக்கு ஒரு பிரேக்டவுன் கவர் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கம்பெனியில் என்னென்ன திட்டம் இருக்கிறது, எதை எடுக்கலாம் என்று எழுது. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். வழியில் பெட்ரோல் தீர்ந்துபோனால் கொண்டுவந்து தருவார்களா? சாவி இல்லாவிட்டால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறக்க ஆள் வருமா? வண்டியை ஏற்றிக்கொண்டுபோனால் வீட்டுக்குத்தான் கொண்டுவந்து விடுவார்களா, அல்லது நாம் சொல்லும் இடத்துக்கா? அப்புறம், உதவி கேட்டுக் கூப்பிட்டால் வீட்டில் யாருக்காவது தகவல் சொல்வார்களா?

பதிலை நான் பல் செட் செய்யும் வேலை பார்க்கிற பல் கூடத்துக்கே அனுப்பு. மேலே 'பல் அச்சு' என்று எழுதிவிட்டால் முதலாளியம்மா என் கையில் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு எதுவும் அனுப்பாதே. போனிலும் இதைப் பற்றிப் பேசாதே. மறந்துவிடாதே அக்கா.

உன் தங்கை,
சுண்டெலி


மார்ச் 9, திங்கள்

என் செல்லச் சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால் பெட்ரோல் தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய்! ஏண்டி, பெட்ரோல் தீர்வதற்கு முன்னால் போடுவது என்று ஒரு வழக்கம் உலகத்தில் இருக்கிறதே, உனக்கு யாரும் சொல்லவில்லையா? கவரில் 'பல் அச்சு' என்று எழுதிக் கொடுத்தபோது கூரியர்காரர் என் வாயையே பார்த்தார். மனுஷனுக்காக நன்றாகச் சிரித்துக் காட்டிவிட்டு வந்தேன்.

சரி, கேட்டதற்குப் பதில். எங்கள் திட்டத்துக்குப் பெயர் 'வழித்துணை'. அதில் இரண்டு வகை. ஒன்று வண்டிக்கானது. வண்டி நம்பரோடு ஒட்டிக்கொண்டது, அதை யார் ஓட்டினாலும் செல்லும். இன்னொன்று ஆளுக்கானது. நீ எந்த வண்டியில் போனாலும், யார் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாலும், வழியில் நின்றால் உனக்காக வருவார்கள். வண்டி போனாலும் ஆள் இருக்கும்வரை செல்லும். பெட்ரோல் கொண்டுவந்து தருவது, சாவி தொலைந்தால் பூட்டைத் திறப்பது எல்லாம் இரண்டிலும் உண்டு. மலிவான திட்டத்தில் பக்கத்து ஒர்க்ஷாப்போடு விட்டுவிடுவார்கள். கொஞ்சம் மேலானதில் நீ சொல்லும் இடத்துக்கே கொண்டுபோய் இறக்குவார்கள். ஒரு வேடிக்கை, வீட்டுக்குப் பக்கத்திலேயே வண்டி நின்றால் மட்டும் யாரும் வர மாட்டார்கள். வீட்டு வாசலில் நின்றால் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதானே என்பது கம்பெனிக் கணக்கு.

தகவல் கேட்டாயே, அதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். நீ கூப்பிட்டவுடன் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "வண்டி நம்பர் சொல்லுங்க." நம்பரைத் தட்டினால் உரிமையாளர் பெயரும் போனும் வந்து விழும். வேலை முடிந்ததும் அந்த போனுக்கு ஒரு செய்தி போகும். "உங்கள் வண்டி பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம்." வீட்டில் இருப்பவர்கள் பாவம், துடித்துக்கொண்டிருப்பார்கள் அல்லவா?

இப்போது நல்ல சேதி. ஊழியர் குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு வண்டித் திட்டம் இலவசம். இத்தனை வருஷமாக எனக்கு யார் இருக்கிறார்கள் என்று விட்டு வைத்திருந்தேன். உன் வண்டி நம்பர் எனக்கு மனப்பாடம். நேற்றே பதிந்துவிட்டேன்! மேலான திட்டம். வண்டி மாப்பிள்ளை பெயரில் இருப்பதால் அவருக்கு வரவேற்புச் செய்தி போயிருக்கும். தங்கச்சி மேல் அக்காவுக்கு எவ்வளவு அக்கறை என்று அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

நல்ல பிள்ளையாக டேங்க் நிரப்பி ஓட்டு.

உன் அக்கா


மார்ச் 14, சனி

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அந்தச் செய்தி வந்துவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் போனை எடுத்துப் பார்த்தார். வாய்விட்டு நிதானமாக ஒருமுறை படித்தார். பிறகு தட்டுக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து வைத்தார். "எங்க போகப் போற?" என்றார். எங்கேயும் இல்லை, அக்கா ஆபீசில் சும்மா கொடுத்தார்கள் என்றேன். "யாரு கேட்டா?" என்றார். யாரும் கேட்கவில்லை, அவள் அப்படித்தான், முந்திரிக்கொட்டை என்றேன். அது உண்மை என்பதால் என் முகம் தப்பித்தது. அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார், "வண்டி இருந்தாத்தானே பிரேக்டவுன்?" ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொள்ள ஒருவர் வருகிறார். வேலையையும் அத்தோடு விட்டுவிட வேண்டுமாம். பிறகு நான் வீட்டை விட்டு எதற்காக வெளியே வருவேன், சொல்.

உன்மேல் கோபமில்லை. காரணம் பிறகு சொல்கிறேன் என்று கூட நான் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன்.

பெட்ரோல் தீர்வதற்கு முன்னால் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும் அக்கா. டேங்க் மூடி மேல் அவர் தனியாக ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார். தெருவில் பெட்ரோல் திருடுகிறார்களாம். அந்தச் சாவி அவரிடம். தினமும் காலையில் ஒரு தண்ணீர் பாட்டிலில் அளந்து ஊற்றுவார். பல் கூடத்துக்குப் போய்த் திரும்பி வரத் தேவையான அளவு. சாயங்காலம் வந்ததும் குனிந்து கிலோமீட்டர் பார்ப்பார். பஸ் டெப்போவில் நேரம் குறிக்கிற வேலை அல்லவா, வீட்டிலும் அதே வேலைதான். ஒருநாள் டயர் பஞ்சராகி நேரமாகிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. மறுநாள் காலையில் நான் குளிக்கப் போனதும் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் ஷிஃப்ட் முடிந்து வந்துதான் திறந்தார். "நேரத்தோட அருமை தெரியணும்ல?" என்று சிரித்தார். ஈர உடம்போடு அந்தச் சின்ன ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாராவது போனால்கூடக் கத்தவில்லை. கத்தினால் அதற்கு என்ன வரும் என்ற பயம்.

யாரிடம் போய்ச் சொல்வது? உடம்பில் காட்ட ஒரு காயம்கூட இல்லை. புருஷன் பெட்ரோல் அளந்து ஊற்றுகிறான் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பஸ்ஸில் ஏறினால் ஒவ்வொரு கண்டக்டருக்கும் என்னைத் தெரியும். டாக்சிகள் நிற்பதே டெப்போ வாசலில்தான். போனை இரவில் அவர்தான் சார்ஜ் போடுவார். முதலாளியம்மா தன் காரில் கொண்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் வந்து கேட்கும்போது அந்த அம்மா "தெரியாது" என்றால் அது நிஜமாக இருக்க வேண்டும்.

அக்கா, எனக்கு வண்டியை யாரும் ரிப்பேர் செய்து தர வேண்டாம். நான் போக வேண்டும். அதற்கு எந்தத் திட்டம் என்று சொல்.

சுண்டெலி


மார்ச் 17, செவ்வாய்

என் கண்ணே,

ஆபீஸ் கழிவறையில் நின்று உன் கடிதத்தைப் படித்தேன். வெளியே வந்தபோது பக்கத்து சீட்டுக்காரி, "என்னக்கா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?" என்றாள். டேங்க் நிரப்பி ஓட்டு என்று எழுதிய என் கையை என்ன செய்தால் தகும்? உனக்கு ஆடாத பல்லை ஆடுகிறது என்று நினைத்து நூல் கட்டிப் பிடுங்கியவள் நான். அன்றைக்கும் உன்னைக் கேட்கவில்லை.

அந்த வண்டித் திட்டத்தை ரத்து செய்யலாம் என்று ஓடினேன். நல்லவேளை, பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் மூளை வந்தது. ரத்து செய்தால் அதற்கும் ஒரு செய்தி அவருக்குப் போகும். அதனால் அதைத் தொடவில்லை. அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

இப்போது கவனமாகப் படி. உனக்காக ஆளுக்கான திட்டம் எடுத்துவிட்டேன். உன் பெயரில், தகவல் சொல்ல என் போன். உறுப்பினர் எண்ணைத் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்துவிட்டுக் கிழித்துப் போடு. பதினைந்து நாள் கழித்துத்தான் இது செல்லும், ஆகவே மார்ச் முடியும்வரை எதுவும் செய்யாதே.

எல்லாவற்றையும் விட முக்கியம் இது. நீ கூப்பிட்டதும் வண்டி நம்பர் கேட்பார்கள். சொல்லாதே. எங்கள் அறையில் எல்லோருக்கும் பழக்கமாகிப்போன கேள்வி. நீயும் பழக்கத்தில் சொல்லிவிடுவாய். சொன்னால், கம்ப்யூட்டர் அந்த நம்பரில் இருக்கிற பழைய திட்டத்தைத்தான் எடுக்கும். அடுத்த நொடி மாப்பிள்ளை போனில் மணி அடிக்கும். மாப்பிள்ளை! இனிமேல் அந்த வார்த்தை என் வாயில் வராது. நம்பர் தெரியாது, உறுப்பினர் எண் மட்டும்தான் இருக்கிறது என்று சொல். எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல்.

வீட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிடக் கூடாது, அங்கே யாரும் வர மாட்டார்கள். எந்த இடத்தில் பெட்ரோல் தீரும் என்று உனக்குத் தெரியுமா?

நான் நேரே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடட்டுமா? வா என்று ஒரு வார்த்தை எழுது. இல்லை, நீ சொல்லாமல் வர மாட்டேன். சத்தியம்.

பயமாக இருக்கிறதடி. தினம் எத்தனையோ பேர் என்னிடம் பயந்து பேசுகிறார்கள், "பதறாதீங்க, ஆள் வந்துகிட்டிருக்கு" என்று சொல்லுவேன். எனக்கு அப்படிச் சொல்ல ஒருவருமில்லை.

அக்கா


மார்ச் 23, திங்கள்

அக்கா,

நீ வராதே. போன தடவை நீ வந்து போனபின் ஒரு வாரம் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாவது நாள் பேசியதை எழுத முடியாது.

உன் கடிதம் மேல் தாடை அச்சுகளோடு ஒரே பெட்டியில் வந்தது. பிளாஸ்டர் மாவு ஒட்டிய கையோடு பிரித்தேன், கறைக்கு மன்னித்துக்கொள்.

எங்கே பெட்ரோல் தீரும் என்று தெரியும். காலையில் ஊற்றுவதில் பாதி வரும்போதே தீர்ந்துவிடும். வீடு திரும்ப வேண்டிய மீதிதான் என் மொத்தச் சொத்து. அதை வீட்டுப் பக்கம் செலவழிக்காமல் எதிர்ப்பக்கம் செலவழித்தால், சிமெண்டுக் குழாய்க் கிடங்கு வரைக்கும் போகலாம். ஆள் உயரக் குழாய்கள் வரிசையாகக் கிடக்கும். ஒன்றுக்குள் உட்கார்ந்துகொண்டால் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது. டெப்போ பஸ் அந்தப் பக்கம் போவதில்லை.

ஏப்ரல் 2, வியாழன். மத்தியானம் அவர் தினமும் போன் செய்வார். அதை எடுத்துப் பேசிவிட்டு, போனை மேஜை டிராயரிலேயே வைத்துவிட்டுக் கிளம்புவேன். முதலாளியம்மா தன் பழைய போனைத் தருகிறார். என் மார்ச் சம்பளத்தையும் கையிலேயே தந்துவிடுவார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தினமும் பழகிக்கொள்கிறேன். காய வைத்திருக்கும் பல் செட்டுகளைப் பார்த்து, "நம்பர் தெரியாதுங்க" என்று சொல்லிப் பார்க்கிறேன். அவை எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. நேற்று ராத்திரி தூக்கத்தில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. காலையில் அவர், "எந்த நம்பர் தெரியாது?" என்று கேட்டார். ஒரு வாடிக்கையாளரின் டெலிபோன் நம்பர் என்றேன். சரி என்றார். ஆனால் பாட்டிலில் ஊற்றியதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் திருப்பிக் கொட்டினார்.

குழாய்க் கிடங்கு வரை போகுமா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

சு.


மார்ச் 26, வியாழன்

கண்ணே,

உருட்டிக்கொண்டாவது போய்விடு. கிடங்கை எட்டினால் போதும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், உனக்கும் சொல்கிறேன். அன்றைக்குப் பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிவிட்டேன். ஆனால் உன் எண் எல்லோர் திரையிலும் பச்சையாக எரிந்தாலும், அழைப்பு என் காதுக்குத்தான் வரும் என்று நிச்சயமில்லை, காலியாக இருக்கிற சீட்டுக்குப் போகும். தனியாக நிற்கிறேன் என்று சொல். தனியாக நிற்கிற பெண்ணுக்கு முதலில் ஆள் அனுப்புவோம், அது எங்கள் அறையின் நல்ல பழக்கம்.

மூடிப் பூட்டைப் பற்றி மெக்கானிக் ஒருவரிடம் பொதுவாகக் கேட்டேன். "அது ஒரு பூட்டாக்கா? ஸ்குரூ டிரைவர் போதும்" என்றார். அந்த ஒரு பூட்டுதானேடி உன்னைக் கட்டிப்போட்டிருக்கிறது.

இறக்க வேண்டிய இடம் என்று என் வீட்டு முகவரியை உன் கணக்கில் நானே எழுதிவிட்டேன், நீ யோசிக்க வேண்டியதில்லை. வண்டியோடு உன்னையும் ஏற்றி என் வாசலில் இறக்குவார்கள். உள் அறையில் ஜன்னல் பக்கம் கட்டில் போட்டுப் புதுத் தலையணை வாங்கி வைத்திருக்கிறேன். கதவுகளுக்கு உள்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள். வெளியே இருந்ததையெல்லாம் ஆளை வைத்துக் கழற்றிவிட்டேன்.

வந்துவிடு.

அக்கா


ஏப்ரல் 6, திங்கள்

சுண்டெலி,

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்குமா என்று தெரியாது. வேறு முகவரி இல்லாததால் பல் கூடத்துக்கே அனுப்புகிறேன்.

வியாழக்கிழமை உன் அழைப்பு வந்தது. எனக்கு வரவில்லை, வரிசைக் கடைசியில் இருக்கும் புதுப் பெண்ணுக்குப் போனது. என் திரையில் உன் எண் பச்சையாக எரிந்ததைப் பார்த்தேன். நான் அப்போது ஒரு லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் ரேடியேட்டர் கொதிக்கிறது என்று சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்தப் பெண் பேசுவது மட்டும் கேட்டது. "வண்டி நம்பர் சொல்லுங்க மேடம்." நீ என்ன சொன்னாயோ. "வண்டியிலேயே எழுதியிருக்கும் மேடம், பாருங்களேன்." என் உயிர் என்னிடம் இல்லை. பிறகு அவள், "சரி விடுங்க மேடம், பரவாயில்ல, அழாதீங்க, ஆள் வந்துகிட்டிருக்கு" என்றாள். நான் லாரிக்காரரிடம் "அழாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் "யாரும்மா அழறா?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் திரையில் வந்தது. 'மூடி திறக்கப்பட்டது. பெட்ரோல் கொடுக்கப்பட்டது. ஏற்றிச்செல்ல வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொந்தமாக ஓட்டிச் சென்றார்.' வேலை முடிந்தது என்று கோடு போட்டாயிற்று.

சொந்தமாக எங்கே ஓட்டிச் சென்றாய்? நீ வரவில்லையே. நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பழைய போன் அணைந்திருக்கிறது. இரவும் பகலும் எந்த பைக் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடுகிறேன். கிடங்குக்கும் என் வீட்டுக்கும் நடுவில் எத்தனை வளைவு, எத்தனை பாலம் என்று எண்ணி எண்ணிப் பைத்தியம் பிடிக்கிறது. இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். "அக்கா, நல்லா இருக்கீங்களா?" வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவருவதற்குள் உள் அறைக்குப் போய்விட்டிருந்தார். "யாருக்கக்கா இந்தக் கட்டில்?" எனக்குத்தான், முதுகுவலி என்றேன். தலையணையில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். யாராவது படுத்த சூடு இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று அப்புறம்தான் உறைத்தது. "அவ எங்க?" என்றார். "தெரியாது" என்றேன். சொன்ன அடுத்த நிமிஷம் எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்றால் அது உண்மை. என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். போய்விட்டார். போனதாக நினைத்தேன். எதிர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நேற்றும் இருந்தார், இன்றைக்கும் இருக்கிறார்.

அவர் உன்னைத் தேடுகிறார் என்றால் நீ அவரிடம் இல்லை என்று அர்த்தம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விடுகிறேன். சில நேரம், தேடுவதுபோல் நடிக்கிறாரோ என்று தோன்றும். அப்போது அந்த மூச்சும் நின்றுவிடுகிறது.

ஒரு வரி எழுது. வெறும் கவர் அனுப்பினாலும் போதும்.

அக்கா


இடமும் தேதியும் வேண்டாம் அக்கா

என் முந்திரிக்கொட்டை அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டு உட்கார். தண்ணீர் குடி.

இதை உன் வீட்டுக்கு அனுப்பவில்லை, ஆபீசுக்கு அனுப்புகிறேன். உன் வாசலில் அவர் இருப்பார் என்று எனக்குத் தெரியும். வேறு எங்கோ போகிற ஒருவரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன், ஆகையால் முத்திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று கண்ணாடியைத் தேடாதே.

கிடங்குக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. கடைசித் தூரத்தைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். குழாய்க்குள் உட்கார்ந்து கூப்பிட்டேன். அந்தப் பெண் நம்பர் கேட்டாள். முதல் இரண்டு எழுத்து வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது அக்கா. நாக்கைக் கடித்துக்கொண்டேன், ரத்தம் வந்தது. நம்பர் பலகையில் சேறு, ஒன்றும் தெரியவில்லை என்று அழுதேன். குழாய்க்குள் என் அழுகை திரும்பத் திரும்ப எனக்கே கேட்டது. ரோட்டில் எந்த வண்டி போனாலும் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

வந்தவர் ஒரு பெரியவர். மூடியைத் திறக்க அவருக்கு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பெட்ரோல் ஊற்றினார். கையைத் துடைத்துக்கொண்டே, "உங்க அக்கா வீடுன்னு போட்டிருக்கு. அங்கதானா, இல்ல வேற எங்கயாவது போகணுமாம்மா?" என்று கேட்டார். அவருக்கு அது வழக்கமான கேள்வி. எனக்கு என்னவோ செய்துவிட்டது. இத்தனை வருஷத்தில் "எங்க போகப் போற?" என்றுதான் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

உன் வீட்டுக்கு என்றுதான் நினைத்திருந்தேன், சத்தியமாக. ஆனால் வீட்டில் இருக்கிறவர் என்னைத் தேடி முதலில் தட்டுகிற கதவு உன்னுடையதுதான். உனக்குப் பொய் வராது, உன் முகம் காட்டிக்கொடுத்துவிடும். நான் உள் அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன், நீ வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்பாய். எனக்கு இன்னொரு பூட்டிய அறை வேண்டாம் அக்கா, நீ உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்திருந்தாலும். நீ "தெரியாது" என்று சொன்னால் அது நிஜமாக இருக்க வேண்டும். அதனால்தான் உனக்குக்கூடச் சொல்லவில்லை. இத்தனை நாள் நீ எப்படித் துடித்திருப்பாய் என்று தெரியும். அதை நினைத்து நானும் தூங்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

ஏற்றிச்செல்ல வேண்டாம், நானே போகிறேன் என்றேன். அடுத்த பெட்ரோல் பங்கில் டேங்க் நிரப்பினேன். முள் மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பங்குக்காரர் "போதுமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

இப்போது எனக்கு ஒரு உதவி செய். வண்டியைப் பெரிய ரயில்வே ஜங்ஷன் வாசலில், வண்டி நிறுத்துகிற இடத்தில் விட்டிருக்கிறேன். சாவி அங்கே இருப்பவரிடம் இருக்கிறது. அங்கிருந்து நான் எந்தப் பக்கம் போனேன் என்று வண்டிக்கும் தெரியாது, மீட்டருக்கும் தெரியாது. வண்டி அவர் பெயரில் இருக்கிறது, அவரிடமே போகட்டும். என்னைக் கேட்காமல் நீ எடுத்தாயே ஒரு வண்டித் திட்டம், அது வீண் போகவில்லை. அதில் கூப்பிடு. வண்டி நம்பர் கேட்பார்கள், இந்தத் தடவை தாராளமாகச் சொல். வீட்டில் கொண்டுபோய் இறக்கட்டும். அங்கே விடுவதற்கு முன்னால் டேங்கை மறுபடி விளிம்பு வரை நிரப்பியிருக்கிறேன். அளந்து பார்க்கட்டும். வேலை முடிந்ததும் வழக்கமான செய்தி அவருக்குப் போகட்டும், உங்கள் வண்டி பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம் என்று.

ஆளுக்கான திட்டத்தை மட்டும் ரத்து செய்யாதே. வண்டி போனாலும் ஆள் இருக்கும்வரை செல்லும் என்று நீதான் எழுதினாய். எண் எனக்கு நன்றாக மனப்பாடமாக இருக்கிறது.

பயம் இன்னும் போகவில்லை. குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன். பைக் சத்தம் கேட்டால் கை நின்றுவிடுகிறது. ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது சில நாள் வேண்டுமென்றே சுற்றுவழியில் நடந்து வருகிறேன்.

என்னைத் தேடாதே. இந்த ஒரு தடவை மட்டும், நான் கேட்கும்வரை சும்மா இரு. முதுகுக்கு டாக்டரைப் பார். அந்தக் கட்டிலில் நீயே படுத்துக்கொள், தரையில் படுக்காதே.

ஒருநாள் உன் திரையில் என் எண் பச்சையாக எரியும். அது உன் காதுக்கே வரும் என்று நினைத்துக்கொள்கிறேன். வண்டி நம்பர் கேட்காதே. எங்கே இருக்கிறாய் என்று கேள். சொல்கிறேன்.

உன்
சுண்டெலி